வாய்மை விளக்கிய வித்தகர் மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவி (ரஹ்)

முன்னுரை

இறைவன் ஒருவனே என்பதில் யூதரும் கிறித்தவரும் முஸ்லிம்களும் ஒரே நிலையினர். அவ்வொருவனின் இயல்பு யாது என வினவும்போதுதான் வழிகள் பிரிகின்றன. பிதா, சுதன், பரிசுத்த ஆவி என மூவராய் விளங்கும் ஒரே கடவுள் என்பது கிறித்தவத் திருச்சபைகளின் பெரும்பான்மைக் கொள்கை. பிறப்பும் பிறப்பித்தலும் இணையும் அற்றவன் அல்லாஹ் என்பது இஸ்லாத்தின் அடிப்படை. இவ்விரு கொள்கைகளும் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக உரையாடியும் உரசியும் வந்துள்ளன. அந்த நெடிய உரையாடலில் இந்திய மண்ணின் பங்கு யாது என்று கேட்டால், முதலில் நினைவுக்கு வரவேண்டிய பெயர் மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவி (ரஹ்) அவர்களுடையது. அரபுலகமும் துருக்கியும் நன்கறிந்த அப்பெருமகனாரைத் தமிழ் மாணவர் பலர் பெயரளவிலும் அறியார். அக்குறையை இயன்றவரை நீக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்னோர் வகுத்த பாதை

கைரானவி அவர்களின் பணியை மதிப்பிட வேண்டுமாயின், அவருக்கு முன் நடந்தோரின் சுவடுகளை நாம் ஒருமுறை நோக்குதல் வேண்டும். எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பக்தாதில் அப்பாசியக் கலீஃபா அல்மஹ்தியும், கிழக்குத் திருச்சபையின் தலைவர் முதலாம் திமொத்தேயுவும் நேருக்கு நேர் அமர்ந்து இறையியல்பைப் பற்றி உரையாடினர். ஒன்பதாம் நூற்றாண்டில் அரபுத் தத்துவத்தின் முன்னோடியாகிய அல்கிந்தி, திரித்துவக் கொள்கையைத் தருக்க நெறி நின்று மறுத்துச் சிறுநூல் ஒன்று யாத்தார். பல பகுதிகளால் ஆயது எதுவும் அப்பகுதிகளைச் சார்ந்தே நிற்கும். சார்ந்து நிற்பது ஆதிமூலமாக இருத்தல் இயலாது என்பது அவரது வாதத்தின் சாரம். அதே நூற்றாண்டினரான அபூ ஈஸா அல்வர்ராக், அக்காலத்தே நிலவிய மூன்று கிறித்தவப் பிரிவுகளின் கொள்கைகளையும் நுணுகிக் கற்று, ஒவ்வொன்றையும் முறையாக எடுத்துரைத்த பின்னரே மறுத்தார்.

இங்கு ஒரு செய்தியை மாணவர்கள் கருத்திற்கொள்ள வேண்டும். அல்கிந்தியின் சிறுநூலும் அல்வர்ராக்கின் மறுப்பும் இன்று நமக்குக் கிடைப்பது யஹ்யா இப்னு அதீ என்னும் பத்தாம் நூற்றாண்டுக் கிறித்தவத் தத்துவ அறிஞரால்தான். அவற்றுக்கு விடை எழுதப் புகுந்த அவர், மறுக்கப்படுபவரின் வாசகங்களைச் சிதைக்காது தம் நூலுள் எடுத்தாண்டார். முஸ்லிம் அறிஞரின் எழுத்து கிறித்தவ அறிஞரின் ஏட்டில் அடைக்கலம் பெற்று வாழ்ந்தது. கருத்து மாறுபட்டோரும் நேர்மையில் மாறுபடாதிருந்த காலம் அது.

பின்னர் ஸ்பெயின் நாட்டுக் குர்துபா நகரத்து இப்னு ஹஸ்ம் (994-1064), வேத நூல்களின் மூல வாசகங்களையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டு அவற்றினுள் காணும் முரண்களைத் தொகுத்தார். டமாஸ்கஸ் நகரத்து இப்னு தைமிய்யா (1263-1328), சைப்ரஸ் தீவிலிருந்து வந்த கிறித்தவ மடல் ஒன்றிற்கு விடையாகப் பெருநூலொன்று இயற்றினார். ஆகவே, தருக்க நெறி ஒன்று, நூலாய்வு நெறி மற்றொன்று என இரு நெறிகள் இடைக்காலத்திலேயே வகுக்கப்பட்டுவிட்டன. அவ்விரண்டையும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒருங்கிணைத்தவர் நம் கட்டுரைத் தலைவர்.

பிறப்பும் கல்வியும்

வட இந்தியாவில் டெல்லிக்கு வடக்கே, யமுனை நதியை அடுத்துக் கைரானா என்னும் ஊர் உள்ளது. அன்று முஸஃப்பர் நகர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அவ்வூர் இன்று ஷாம்லி மாவட்டத்தில் அமைந்துள்ளது. அங்கு ஹிஜ்ரி 1233இல், அஃதாவது 1818ஆம் ஆண்டில், ரஹ்மத்துல்லாஹ் பிறந்தார். மூன்றாம் கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்களின் வழித்தோன்றல்கள் எனக் கூறிக்கொள்ளும் குடும்பம் அவருடையது. அக்குடும்பத்து முன்னோர் முகலாய அரசவையில் மருத்துவராய்ப் புகழ்பெற்று, கைரானாவில் நிலக்கொடை பெற்றவர்கள்.

வீட்டில் தொடக்கக் கல்வி முடித்தபின் அவர் டெல்லிக்கும் லக்னோவுக்கும் சென்று பயின்றார். மார்க்கக் கல்வியோடு பாரசீக இலக்கியம், கணிதம், மருத்துவம் ஆகியவற்றையும் கற்றார். சின்னாள் டெல்லியில் பணியாற்றிய பின் ஊர் திரும்பி, ஒரு மதரஸாவைத் தொடங்கி மாணவர்களுக்குப் பாடம் சொல்லலானார். அமைதியான ஆசிரிய வாழ்வே அவருக்கு அமைந்திருக்கக்கூடும். காலம் அவரை வேறு களத்திற்கு அழைத்தது.

சவாலாக வந்த நூல்

1813ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளில் கிறித்தவப் போதகர்களுக்கு வழி திறந்துவிட்டது. அவர்களுள் தலைசிறந்தவர் கார்ல் காட்லீப் ஃபாண்டர் (1803-1865) என்னும் ஜெர்மானியர். காக்கசஸ் மலைநாட்டில் பல்லாண்டு பணியாற்றியவர். பாரசீகம், துருக்கி, அரபு ஆகிய மொழிகளில் பயிற்சியுடையவர். அவர் எழுதிய ‘மீஸானுல் ஹக்’ என்னும் நூல் பாரசீகத்திலும் உருதுவிலும் அச்சாகி வட இந்தியா எங்கும் பரவியது. முற்காலத்து வேதங்களைக் குர்ஆனே மெய்ப்பிக்கிறது. ஆகவே அவ்வேதங்களை முஸ்லிம்கள் ஏற்றாக வேண்டும். ஏற்றால் அவை கூறும் கிறித்தவக் கொள்கைகளையும் ஏற்றாக வேண்டும் என்பது அந்நூலின் வாதப் போக்கு. 1841 முதல் ஆக்ராவில் தங்கிய ஃபாண்டர் கடைத்தெருவிலும் நூலகத்திலும் முஸ்லிம் அறிஞர்களை வாதுக்கு அழைத்து வந்தார்.

அரசு இழந்து, அலுவல் இழந்து, தம் மொழியும் செல்வாக்கு இழந்துவரக் கண்ட முஸ்லிம் மக்களுக்கு இது வெறும் நூற்போர் அன்று. ஆளுவோரின் சமயமே உண்மைச் சமயம் என்னும் எண்ணம் இளைஞர் உள்ளத்தில் வேரூன்றிவிடுமோ என்று பெரியோர் அஞ்சினர். வசை பாடுவதாலோ வாளாவிருப்பதாலோ அவ்வச்சம் நீங்காது என்பதைக் கைரானவி உணர்ந்தார். எதிர்த்தரப்பின் நூல்களை முழுமையாகக் கற்பதே முதற்பணி என முடிவு செய்தார்.

அறிவுத் துணைவர்

இப்பணியில் அவருக்கு வாய்த்த துணைவர் டாக்டர் முஹம்மது வஸீர் கான். ஆங்கில மருத்துவம் பயின்றவர். இங்கிலாந்து சென்று திரும்பியவர். ஆக்ரா அரசு மருத்துவமனையில் பணிபுரிந்தவர். ஐரோப்பாவில் கிறித்தவ அறிஞர்களே பைபிளின் மூலப் பிரதிகளை ஆய்ந்து எழுதிய ஆங்கில நூல்களை அவர் தம்முடன் கொணர்ந்திருந்தார். வஸீர் கான் அவற்றைப் படித்துப் பொருள் கூற, கைரானவி தம் அரபுப் புலமையோடும் தருக்கப் பயிற்சியோடும் அவற்றை இணைத்துக் கொண்டார். ஹார்ன், லார்ட்னர் முதலிய கிறித்தவ அறிஞர்களின் கூற்றுகள் அவர் நூல்களில் இடம்பெற்றது இவ்வாறுதான். இப்னு ஹஸ்முக்கு இல்லாத வாய்ப்பு இவருக்குக் கிட்டியது. மருத்துவமனையும் மதரஸாவும் கைகோத்த அக்கூட்டுறவு நாம் வியந்து போற்றற்குரியது.

‘இஸாலத்துல் அவ்ஹாம்’ என்னும் பாரசீக நூலும், ‘இஃஜாஸே ஈஸவி’ என்னும் உருது நூலும் அக்காலத்து விளைவுகள். திரித்துவத்தை மட்டுமே பொருளாகக் கொண்டு ‘அஹ்ஸனுல் அஹாதீஸ்’ என்னும் தனிநூலும் அவர் எழுதினார்.

ஆக்ரா விவாதம்

மடல்கள் பல பரிமாறிக்கொண்ட பின், 1854 ஏப்ரல் 10, 11 ஆகிய நாள்களில் ஆக்ராவில் பொது விவாதம் நடைபெற்றது. ஃபாண்டருக்குத் துணையாகத் தாமஸ் வால்பி ஃபிரெஞ்சு என்னும் இளம் ஆங்கிலப் போதகரும், கைரானவிக்குத் துணையாக வஸீர் கானும் அமர்ந்தனர். ஆங்கில அதிகாரிகளும் முஸ்லிம், இந்து, கிறித்தவப் பொதுமக்களும் திரண்டிருந்தனர். வேதச் சட்டங்கள் மாற்றப்படுதல், வேத வாசகங்கள் திரிபடைதல், திரித்துவம், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் தூதுத்துவம், குர்ஆன் இறைவாக்காதல் என ஐந்து தலைப்புகள் வரிசைப்படுத்தப்பட்டன.

முதல் இரண்டு தலைப்புகளுடனேயே விவாதம் நின்றுவிட்டது. எனினும், மூன்றாம் தலைப்பாகிய திரித்துவத்தின் வேரைத் தொடும் செய்தியொன்று இரண்டாம் தலைப்பிலேயே வெளிப்பட்டது. யோவானின் முதல் நிருபம் 5ஆம் அதிகாரத்தின் 7ஆம் வசனம், விண்ணில் சாட்சி பகரும் மூவரும் ஒருவரே என்னும் பொருளில் நெடுங்காலம் அச்சிடப்பட்டு வந்தது. திரித்துவத்தைப் பைபிளில் இத்துணை வெளிப்படையாகக் கூறும் வசனம் வேறில்லை. ஆனால் பழைய கிரேக்கக் கைப்பிரதிகளில் அவ்வாசகம் காணப்படவில்லை. இலத்தீன் மரபு வழியே பின்னர் வந்து சேர்ந்தது. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட எராஸ்மஸ், 1516, 1519 ஆகிய பதிப்புகளில் அதனைச் சேர்க்காது, எதிர்ப்பு எழுந்த பின் 1522இல்தான் சேர்த்தார். அறிவியல் மேதை ஐசக் நியூட்டனும் அது இடைச்செருகல் என எழுதினார்.

இவ்வசனம் உள்ளிட்ட ஏழெட்டு இடங்களில் வாசகம் மாறியிருப்பதை ஃபாண்டர் அவையில் ஒப்புக்கொண்டார். அது அவரது நேர்மையைக் காட்டுகிறது என்றே நாம் கருதுகிறோம். ஆனால் அத்தகைய மாற்றங்கள் கிறித்தவத்தின் மூலக் கொள்கைகளைத் தீண்டவில்லை என்று அவர் உறுதியாக நின்றார். திரிபு புகுந்தது என ஒப்புக்கொள்ளப்பட்ட நூலை ஐயமற்ற சான்றாக அவை முன் வைத்தல் முறையாகாது என்று கைரானவி உறுதியாக நின்றார். வழக்கு மன்றத்தில் திருத்தம் கண்ட ஆவணத்தின் நிலை யாது என்னும் வினாவை ஒத்தது இது. இருவரும் தத்தம் நிலையினின்று அசையாமையால் இரண்டாம் நாளோடு அவை கலைந்தது. இரு தரப்பாரும் வெற்றி தமதே என எழுதி வெளியிட்டனர்.

வரலாற்றை முழுமையாகக் காண விழைவோர் மற்றொன்றையும் மறைத்தல் ஆகாது. அவ்விவாதக் காலத்தில் முஸ்லிம் தரப்பில் நின்ற ஸஃப்தர் அலியும் இமாதுத்தீனும் பின்னாளில் கிறித்தவத்தைத் தழுவினர். பொதுமேடை விவாதம் ஒரு சமூகத்தின் தன்னம்பிக்கையை மீட்கும். ஆனால் ஒவ்வொரு தனிமனித உள்ளத்தின் தேடலையும் அது தீர்த்துவைப்பதில்லை. பின்வந்த ஆண்டுகளில் கைரானவி மேடையைவிடப் பெரிதும் நூலையும் கல்விக்கூடத்தையுமே நாடினார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

புரட்சியும் புலம்பெயர்வும்

1857இல் மூண்ட விடுதலைப் போரில் கைரானாவும் அதன் அண்டை ஊர்களாகிய ஷாம்லி, தானா பவன் ஆகியனவும் கிளர்ந்தெழுந்தன. ஹாஜி இம்தாதுல்லாஹ் (ரஹ்) முதலியோர் தானா பவனில் தலைமை ஏற்க, கைரானாவில் ரஹ்மத்துல்லாஹ் மக்களைத் திரட்டினார். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டதும் அவரைப் பிடித்துத் தருவோர்க்கு ஆயிரம் ரூபாய் பரிசென ஆங்கில அரசு அறிவித்தது. தேடி வந்த குதிரைப்படையின் கண்ணில் படாதிருக்க, ஒரு சிற்றூரில் உழவர் கோலத்தில் வயலில் புல் அறுத்துக்கொண்டிருந்தார் என்றும், குதிரைக் குளம்புகள் தெறித்த கற்கள் அவர் மேனியில் பட்டன என்றும் வரலாறு எழுதியோர் குறிப்பிடுவர்.

தம் பெயரையும் மாற்றிக்கொண்டு, இராஜஸ்தானப் பாலைநிலங்களைக் கடந்து சூரத் துறைமுகத்தை அடைந்து, அங்கிருந்து கப்பலேறி ஜித்தா வழியே மக்கா சேர்ந்தார். இங்கிருந்த குடும்பச் சொத்துகள் பறிமுதல் செய்யப்பட்டு ஏலத்தில் போயின. பிறந்த மண்ணை அவர் மீண்டும் காணவில்லை. நண்பர் வஸீர் கானும் பின்னர் மக்கா வந்து சேர்ந்தார்.

மக்காவின் தலைசிறந்த மார்க்க அறிஞரான சையித் அஹ்மத் இப்னு ஸைனீ தஹ்லான், இந்தியாவிலிருந்து வந்த இவ்வகதியின் புலமையை விரைவில் உணர்ந்தார். புனித ஹரமில் பாடம் நடத்தும் பேறு கைரானவிக்குக் கிடைத்தது.

இள்ஹாருல் ஹக்

1858இல் ஃபாண்டர் துருக்கித் தலைநகராகிய இஸ்தான்புல்லுக்கு அனுப்பப்பட்டார். ஆக்ரா விவாதம் பற்றிய பேச்சு அங்கும் எழுந்தது. உண்மையை நேரில் அறிய விரும்பிய சுல்தான் அப்துல் அஸீஸ், மக்காவிலிருந்து கைரானவியை வரவழைத்தார். 1864இல் அரச விருந்தினராக இஸ்தான்புல் சென்ற அவர், சுல்தானின் விருப்பத்திற்கிணங்க ஆறே மாதங்களில் அரபு மொழியில் ‘இள்ஹாருல் ஹக்’ என்னும் பெருநூலை எழுதி முடித்தார். உண்மையை வெளிப்படுத்துதல் என்பது அப்பெயரின் பொருள். அவ்வாண்டிலேயே துருக்கி அரசு போதகர் நிலையங்களை மூடியது. ஃபாண்டர் இங்கிலாந்து திரும்பி 1865இல் காலமானார். ஆக்ராவில் பாதியில் நின்ற வாதத்தை இருவரும் மீண்டும் ஒரே அவையில் தொடரவே இல்லை. நின்றுபோன மூன்றாம் தலைப்பு நூலின் நான்காம் அதிகாரமாக வடிவெடுத்தது.

ஆறு அதிகாரங்கள் கொண்ட அந்நூலின் முதலதிகாரம் பைபிள் நூல்களின் வரலாற்றையும், இரண்டாவது திரிபுகளையும், மூன்றாவது சட்ட மாற்றத்தையும், நான்காவது திரித்துவ மறுப்பையும், ஐந்தாவது குர்ஆனின் மாண்பையும், ஆறாவது நபித்துவத்தையும் பேசுகின்றன.

நான்காம் அதிகாரத்தின் வாதங்கள் மூன்று படிகளாய் அமைகின்றன. முதலாவது அறிவு வழி. ஒருமையும் மும்மையும் மெய்யாகவே ஒரு பொருளில் ஒரே வகையில் நிலவ முடியாது. மூவரும் மெய்யாகவே வேறெனின் ஒருமை போய்விடும். ஒருமையே மெய்யெனின் மும்மை பெயரளவினதாகும். அன்றியும், மூன்றன் சேர்க்கையாக உள்ளது அம்மூன்றையும் வேண்டி நிற்கும்; பிறிதொன்றை வேண்டி நிற்பது இறைவனாகாது. அல்கிந்தி பக்தாதில் எழுப்பிய வாதத்தின் எதிரொலியை இங்கு நாம் கேட்கிறோம்.

இரண்டாவது, ஈஸா நபி (அலை) அவர்களின் கூற்றுகளாகச் சுவிசேடங்களிலேயே காணப்படுவன. அவர் இறைவனை வணங்கி வேண்டியது, இறுதி நாளைத் தாம் அறியார் என்றது, தம்மினும் பெரியவர் பிதா என்றது ஆகியவற்றைத் தொகுத்து, இவை யாவும் இறைவனின் அடியாரும் தூதரும் ஆகியவர்க்கே பொருந்தும் என நிறுவுகிறார்.

மூன்றாவது, சொல்லாய்வு. தேவகுமாரன் என்னும் வழக்குப் பைபிளில் ஆதாமுக்கும் இஸ்ரவேலருக்கும் ஸுலைமான் நபிக்கும் ஆளப்பட்டிருத்தலைக் காட்டி, அது அன்பையும் அண்மையையும் உணர்த்தும் உருவகமே என்கிறார். இலக்கியம் பயிலும் நம் மாணவர்க்கு இவ்வாதம் எளிதில் விளங்கும். உவமையையும் உருவகத்தையும் உள்ளவாறே பொருள்கொண்டால் நேரும் இடரை இலக்கண நூலோர் நன்கறிவர்.

கிறித்தவ இறையியலாரும் இவ்வினாக்களை அறியாதவர் அல்லர். சாரம் ஒன்று, ஆள்தன்மை மூன்று. ஆதலின் முரண் இல்லை என்று அவர்கள் விடையிறுப்பர். யஹ்யா இப்னு அதீ அன்றே இவ்வழியில் வாதிட்டார். அவ்விடையையும் படித்தறிந்த பின்னரே கைரானவி தம் மறுப்பை எழுதினார். எதிர்வழக்கைக் கூறி மறுத்தல் என்னும் நம் தமிழ்த் தருக்க மரபுக்கும் இது இசைவானதே.

துருக்கி, பிரெஞ்சு, உருது முதலிய மொழிகளில் இந்நூல் பெயர்க்கப்பட்டது. ஆக்ராவில் பேசப்பட்ட அந்த யோவான் வசனத்தை, 1881இல் வெளிவந்த திருத்தப்பட்ட ஆங்கிலப் புதிய ஏற்பாடு நீக்கியே அச்சிட்டது. நூலாய்வில் கைரானவி எடுத்துக்காட்டிய அவ்வொரு செய்தியைக் கிறித்தவ அறிஞர்களின் ஆய்வே இறுதியில் உறுதி செய்தது.

ஸவ்லத்திய்யா மதரஸா

மக்கா திரும்பிய கைரானவி, ஹரமின் பாடவட்டங்களில் முறையான பாடத்திட்டம் இன்மையைக் கண்டு வருந்தினார். கல்கத்தாவைச் சேர்ந்த ஸவ்லத்துன்னிஸா பேகம் என்னும் செல்வச் சீமாட்டி ஹஜ்ஜுக்கு வந்தபோது பெரும்பொருள் வழங்க முன்வந்தார். அதனைக் கொண்டு 1870களின் தொடக்கத்தில் மதரஸா ஒன்று எழுந்தது. அதற்குத் தம் பெயரையோ தம் ஊர்ப் பெயரையோ சூட்டாது, அவ்வம்மையாரின் பெயரால் ஸவ்லத்திய்யா என்றே பெயரிட்டார். பெண்ணொருத்தியின் கொடையைக் காலமெல்லாம் நினைவிற் கொள்ளச் செய்த அப்பெருந்தன்மை எண்ணுந்தோறும் இனிக்கிறது.

இம்மேதையின் ஒளி தமிழகத்தையும் தொட்டது. வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபிக் கல்லூரியை நிறுவிய அஃலா ஹழ்ரத் ஷாஹ் அப்துல் வஹ்ஹாப் (ரஹ்) அவர்கள் மக்காவில் கைரானவியிடம் பாடம் கேட்டவர். அக்கல்லூரியில் பயின்ற ஆலிம்கள் தமிழகத்தின் ஊர்தோறும் பள்ளிவாசல்களிலும் மதரஸாக்களிலும் பணிபுரிந்து வருவதை நினைக்குங்கால், கைரானா எங்கோ தொலைவில் இல்லை என்பது புலனாகும்.

இறுதி நாள்கள்

முதுமையில் அவரது கண்ணொளி மங்கியது. சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது அவரை இஸ்தான்புல்லுக்கு அழைத்துச் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்தார். அங்கேயே தங்குமாறு வேண்டியும் இசையாது மக்காவுக்கே திரும்பினார். ஹிஜ்ரி 1308 ரமலான் பிறை 22இல், 1891 மே மாதத் தொடக்கத்தில், இறைவனடி சேர்ந்தார். ஜன்னத்துல் முஅல்லா அடக்கத்தலத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டார்.

ஆக்ரா அவையில் ஃபாண்டருக்கு அருகே அமர்ந்திருந்த இளம் போதகர் ஃபிரெஞ்சு, பின்னர் லாகூரின் முதற் பேராயராகி, முதுமையில் பதவி துறந்து அரபு நாட்டுப் பணிக்குச் சென்றார். அவரும் அதே 1891 மே மாதத்தில், மஸ்கட் நகரில் உயிர்நீத்தார். முப்பத்தேழு ஆண்டுகட்கு முன் ஆக்ராவில் எதிரெதிரே அமர்ந்த இருவர், தத்தம் நம்பிக்கைக்கு உண்மையாய் வாழ்ந்து, ஒரே மாதத்தில் அரபு மண்ணிலேயே அடங்கினர்.

முடிவுரை

பல சமயத்தார் ஒரே வகுப்பறையில் அமர்ந்து பயிலும் கல்லூரி நம்முடையது. இங்குக் கைரானவி (ரஹ்) அவர்களின் வாழ்வு நமக்கு உணர்த்துவது யாது? பிறர் கொள்கையை மறுக்க உரிமையுடையவன், அதனைப் பிறர் ஏற்கும் வண்ணம் எடுத்துரைக்கக் கற்றவனே. பிறர் நூலைப் படியாது பேசுவோன் தன் நூலுக்கும் பெருமை சேர்ப்பதில்லை. கைரானவி நாடிழந்தார், நிலமிழந்தார், கண்ணொளியும் இழந்தார்; கற்பதையும் கற்பிப்பதையும் மட்டும் இழந்தாரில்லை. ஓர் ஊரில் மூடுண்ட மதரஸாவை மற்றொரு நாட்டில் திறந்தார். அந்நெறியில் நம் மாணவச் செல்வங்களும் நிற்க எல்லாம் வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக.